கன்றுக்குட்டிப் புதரும் மியூனிக் தீர்ப்பும்

டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். அந்த இரண்டு மாதமும் கடைக்குள் இருமல் சத்தம் ஓயாது. மார்புச்சளி என்று வருகிறவர்களில் பலபேர் சீட்டு எதுவும் இல்லாமல் நேராகக் கைநீட்டிக் கேட்பது ஒரு சின்னப் பழுப்புக் குப்பியை. ஜெர்மனியில் தயாரித்தது என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சாறு மட்டும் ஜெர்மனியுடையது இல்லை. இங்கிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் போய்ச்சேரும் கிழக்கு கேப் மாநிலத்துப் புல்வெளியில் தோண்டிய வேரிலிருந்து எடுத்தது அது.

இது எனக்கு வெகுநாள் தெரியாது. சொன்னது எங்கள் கடையில் கல்லாவில் இருக்கும் பெண். கோசா மொழிக்காரி, கிழக்கு கேப் ஊர்க்காரி. என்னை ‘டாடா’ என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அது அப்பா மாதிரியான மரியாதைச் சொல். முதல் வாரம் எனக்குத் ‘தாத்தா’ என்றுதான் காதில் விழுந்தது. நாற்பத்தைந்து வயதில் தாத்தாவா என்று மனசு சுருங்கிப்போனேன். நான் அவளைச் ‘சிசி’ என்பேன், அக்கா தங்கை இரண்டுக்கும் ஆகும் சொல் அது.

ஒரு நாள் அந்தக் குப்பிக்கு விலை ஒட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “இதுக்கா இவ்வளவு காசு, டாடா? எங்க ஊர்ல கன்னுக்குட்டிக்குக் கழிசல்னா எங்க பாட்டி இந்த வேரைத்தான் வேகவெச்சு ஊத்துவா. எங்களுக்கு வயிறு சரியில்லன்னாலும் அதே பானைதான்.”

அந்த ஒரு பேச்சில் தொடங்கி, இந்த வேரின் காப்புரிமை வழக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மஞ்சள் வழக்கு, வேம்பு வழக்கு என்று நம் ஊரில் பெருமையாகப் பேசுகிறோமே, அதே வரிசையில் வரும் வழக்கு இது. இதிலும் ‘மக்கள் ஜெயித்தார்கள்’ என்றே எழுதுகிறார்கள். ஜெயித்தது நிஜம்தான். ஆனால் கதையை முதலிலிருந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் விட்டுப்போய்க்கொண்டே இருக்கிறார். அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

செடி

தாவரவியல் பெயர் பெலார்கோனியம் சிடாய்டீஸ். வீட்டு முகப்பில் தொட்டியில் வைக்கும் ஜெரேனியத்துக்குப் பங்காளி. இலை இதய வடிவில், வெல்வெட் மாதிரி சாம்பல்பச்சை. பூ கறுப்போ என்று நினைக்கவைக்கும் கருஞ்சிவப்பு. இதன் உடன்பிறப்பு பெலார்கோனியம் ரெனிஃபார்மே. அதற்கு இளஞ்சிவப்புப் பூ. பூ இல்லாத காலத்தில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ‘அம்காலின்’ என்ற கூமரின் வகைச் சேர்மம் சிடாய்டீஸ் வேரில் இருக்கும், மற்றதில் இருக்காது. அதை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தில் பிரிக்கிறார்கள்.

மேலே இருக்கும் செடிக்குச் சந்தையில் மதிப்பில்லை. வறட்சியிலும் காட்டுத்தீயிலும் இலை போய்விடும், மண்ணுக்கடியில் தடித்த வேர் பிழைத்துக்கிடந்து மறுபடி துளிர்க்கும். அந்த வேருக்குத்தான் விலை. வேரைத் தோண்டினால் செடியே போயிற்று. ஒழுங்காகத் தோண்டுகிறவர்கள் வேரில் ஒரு பகுதியையும் தலைப்பாகத்தையும் மண்ணிலேயே விட்டுக் குழியை மூடுவார்கள். அப்படி விட்டாலும் மறுபடி வெட்டுகிற அளவுக்குப் பெருக்கச் சில வருடங்கள் ஆகும். 2013-ல் இந்த ஒரு செடிக்கென்றே தென்னாப்பிரிக்க அரசு தனிப் பாதுகாப்புத் திட்டம் வெளியிட்டது என்றால், எவ்வளவு தோண்டியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இதற்கு ‘கால்வர்போசி’ என்று பெயர், அதாவது கன்றுக்குட்டிப் புதர். சிசியின் பாட்டி செய்த வைத்தியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மனிதர்களுக்கும் வயிற்றுப்போக்கு, சீதபேதி, இருமல், சளி என்று பல உபாதைகளுக்குக் கொடுத்தார்கள். குப்பியில் இருப்பது அந்தப் பெயர் இல்லை. உலகச் சந்தையில் இது ‘உம்க்கலோஆபோ’. காய்ச்சல், சளி வகை நோய்களுக்கான ‘உம்குஷ்லானே’, மார்புவலிக்கான ‘உஷ்லாபோ’ என்ற இரண்டு உள்ளூர்ச் சொற்களை ஒரு வெள்ளைக்காரர் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர். சிசியிடம் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “இது எந்த பாஷை?” என்று கேட்டாள்.

பர்மிங்காம் மெக்கானிக்

ஒட்டவைத்தவர் சார்லஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர், மெக்கானிக். காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் மருந்து ஏது? காற்று மாறினால் சரியாகும் என்று 1897-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். பசுட்டோலாந்தில், அதாவது இன்றைய லெசோத்தோவில், உள்ளூர் வைத்தியர் ஒருவர் வேர்க்கஷாயம் கொடுத்தார். ஸ்டீவன்ஸ் தேறினார். உண்மையிலேயே கஷாயம்தான் தேற்றியதா, மலைக்காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வுமா என்று இன்றைக்கு யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காசநோய் சிலருக்குத் தானாகவும் அடங்கும். அவர் மட்டும் வேர்தான் என்று உறுதியாக நம்பினார்.

அந்த வைத்தியரின் பெயரை மைக் கிஜிட்சே என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டில். அவர் எப்படி வைத்தியம் பார்த்தார், யாரிடம் கற்றார், பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் கதையில் வருவதில்லை. கஷாயத்தைக் கொடுத்தார், போய்விட்டார். விட்டுப்போன முதல் ஆள் இவர்.

ஸ்டீவன்ஸ் ஊர் திரும்பி, ‘ஸ்டீவன்ஸின் காசநோய் மருந்து’ என்று விற்க ஆரம்பித்தார். என்ன வேர் என்று வெளியே சொல்லவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்கு ரகசிய மருந்து என்றாலே ஆகாது. 1909-ல் அது வெளியிட்ட ‘ரகசிய மருந்துகள்’ என்ற புத்தகத்தில் இவருடைய மருந்தையும் போலிகளோடு சேர்த்துப் போட்டது. ஸ்டீவன்ஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1912-ல் ஜூரிகளுக்குள் ஒத்துப்போகாமல் வழக்கு முடிவில்லாமல் நின்றது. 1914-ல் மறுவிசாரணையில் தோற்றார். வியாபாரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

1920-ல் ஜெனீவாவில் ஆத்ரியென் செஷஹாயே என்ற மருத்துவர் இதைக் கையிலெடுத்தார். அடுத்த ஒன்பது வருடத்தில் சுமார் 800 காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1930-ல் புத்தகமாக எழுதினார். அவருக்கும் வேர் என்ன செடியுடையது என்று தெரியாது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின் காசநோய்க்கு வேர்க்கஷாயத்தைத் தேடுவோர் குறைந்தார்கள். செடியின் அடையாளம் தெரிந்தது 1970களில்தான், மியூனிக் நகரத்து ஆய்வாளர் ஒருவரால்.

முக்கால் நூற்றாண்டு ஐரோப்பாவில் விற்ற மருந்து என்ன செடி என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. கிழக்கு கேப்பில் மாடு மேய்த்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

பாலத்தின் மேல் சந்தை

வேரை நேரில் பார்க்காமல் எழுதுவது சரியில்லை என்று ஒரு சனிக்கிழமை சிசியைக் கூட்டிக்கொண்டு வார்விக் சந்திப்புக்குப் போனேன். டர்பன் தெரியாதவர்களுக்கு: ரயில், பஸ், மினிபஸ் டாக்சி எல்லாம் வந்து கூடும் இடம். பக்கத்திலேயே விக்டோரியா தெரு மார்க்கெட், மல்லி மிளகாய்த்தூள் மூட்டைகள். அதையொட்டி விடிகாலை மார்க்கெட், கரும்புத்தோட்ட ஒப்பந்தம் முடிந்து காய்கறி போட்ட நம் ஆட்கள் வளர்த்தது, நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் இங்கே கரை சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தெருக்களில் மூலிகைக்கடையும் வைத்தார்கள். ஜூலு மக்களுக்கு ஜூலு மருந்தைத் தமிழர் விற்ற கடைகள் இங்கே உண்டு. அதனால் இந்த வழக்கைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் தகுதி நமக்குக் கிடையாது.

மூலிகைச் சந்தை இருப்பது உபயோகத்தில் இல்லாமல் கிடந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல். நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் கிடந்த வியாபாரிகளை 1990களின் கடைசியில் மாநகராட்சி அங்கே ஏற்றிக் கூரை போட்டுக்கொடுத்தது. படியேறும்போதே இம்பேபோ புகை மூக்கில் ஏறும். முன்னோரைக் கூப்பிட எரிக்கும் செடி. எனக்குச் சாம்பிராணி ஞாபகம் வந்தது. பட்டைகள், வெள்ளைக் களிமண் உருண்டை, சிவப்புக் களிமண் உருண்டை, காய்ந்த கொடிகள். ஜூலு மொழியில் ‘உமுத்தி’ என்றால் மரம், மருந்து இரண்டும்தான். இந்தச் சந்தையில் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

சிசி விசாரித்து ஒரு அம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். கிழக்கு கேப்பிலிருந்து பஸ்ஸில் வந்த மூட்டை. உள்ளே விரல் தடிமனில் முண்டும் முடிச்சுமான வேர்கள், மேலே கரும்பழுப்பு. அம்மா ஒன்றை எடுத்து, மண்ணைத் துடைத்து, கத்தியால் தோலைச் சுரண்டினார். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது, வெற்றிலை போட்ட வாய் மாதிரி. ஒரு சிறு சீவலை வாயில் போட்டேன். நாக்கு அப்படியே இழுத்துப் பிடித்தது, கடுக்காய் மென்றதுபோல. துவர்ப்பு என்றால் டானின், சதையைச் சுருக்கிப் பிடிக்கும் பொருள். கழிசலுக்கு ஏன் கேட்கிறது என்று அந்த ஒரு கடியில் புரிந்துவிடும்.

விலை கேட்டேன். அம்மா விலையைச் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டார்: யாருக்கு? என்ன வயசு? எத்தனை நாளா? ராத்திரி வேர்க்குதா? ரத்தம் வருதா?

சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னதும் வேரை மூட்டைக்குள் போட்டுவிட்டார்.

எனக்கு முகம் சுட்டது. காரணம் இருக்கிறது. நாலு வருடம் முன்னால், லாரியில் சரக்கு இறக்கும் ஒரு மனிதர் ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை எங்கள் கடையில் அந்தப் பழுப்புக் குப்பியை வாங்கினார். மூன்று முறையும் விற்றது நான்தான். மூன்றாவது முறை கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது முறை அவர் மனைவி வந்தார், வேறு மருந்துச் சீட்டோடு. காசநோய். ஆறு வாரத்து இருமலை நான் குப்பி குப்பியாக மூடி வைத்திருக்கிறேன். உலகத்திலேயே காசநோய் அதிகமுள்ள நாடுகளில் ஒன்றில் கடை வைத்துக்கொண்டு, ‘எத்தனை நாளா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் சளிப் பரிசோதனை இலவசம். ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும் நோய். அவரும் பிழைத்தார், என் புண்ணியத்தில் இல்லை.

பாலத்து அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. அங்கே தப்பான வேரும் விற்கிறது, தப்பான வைத்தியமும் நடக்கிறது. ஆனால் வேரோடு ஒட்டிக்கொண்டு ஒரு விசாரிப்பு இருந்தது. குப்பிக்குள் வேர் வந்தது, விசாரிப்பு வரவில்லை.

அந்தக் குப்பிக்கு இன்று என்ன மதிப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கு இது மருந்தே அல்ல. ஐரோப்பிய மருந்து முகமை இதைச் சாதாரண ஜலதோஷத்துக்கு, நெடுநாள் பழக்கத்தின் பேரில், ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடும் மூச்சுக்குழல் அழற்சியில் அறிகுறிகள் கொஞ்சம் சீக்கிரம் குறையலாம் என்று சில பரிசோதனைகள் சொல்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, ஆதாரத்தின் தரம் குறைவு என்றது. கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லி மருந்துத்தாளில் எச்சரிக்கையும் உண்டு. ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்பவர்களிடம் அந்த வரியை நான் விரல் வைத்துக் காட்டுவேன்.

மியூனிக்

இனி வழக்கு. வேரின் சாற்றைத் தயாரித்து விற்கும் பெரிய நிறுவனம் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஷ்வாபே. இந்தச் செடி சம்பந்தமாக ஐரோப்பாவில் பல காப்புரிமைகளை அது வாங்கியிருந்தது. அதில் முக்கியமானது வேரிலிருந்து சாறு இறக்கும் முறைக்கானது. கிழக்கு கேப்பின் ஆலிஸ் என்ற சிற்றூர்ப் பகுதி மக்களின் சார்பாக, ஜோகன்னஸ்பர்க்கின் ஆப்பிரிக்க உயிரியல் பாதுகாப்பு மையமும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பிரகடனம் என்ற அமைப்பும் சேர்ந்து 2008-ல் ஆட்சேபணை தாக்கல் செய்தன. ஆலிஸ் என்றால் மண்டேலா படித்த ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்.

2010 ஜனவரி 26 அன்று மியூனிக்கில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. கவனிக்க வேண்டியது தீர்ப்பின் காரணம். ‘இது கோசா மக்களின் அறிவு, திருடினார்கள்’ என்று அலுவலகம் சொல்லவில்லை. முறையில் புதுக்கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, துறை தெரிந்த எவரும் செய்யக்கூடியதுதான் என்றது. கண்டுபிடிப்பு இல்லாத இடத்தில் காப்புரிமை இல்லை. அவ்வளவுதான். சில மாதங்களில், இந்தச் செடி தொடர்பான வேறு ஐந்து காப்புரிமைகளையும் நிறுவனம் தானாகவே கைவிட்டது.

நமக்குப் பழக்கமான கதைதான். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997-ல் ரத்தானது. வேப்பெண்ணெயால் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு 1994-ல் கொடுத்ததை இதே மியூனிக் அலுவலகம் 2000-ல் ரத்து செய்து, 2005-ல் மேல்முறையீட்டிலும் உறுதிசெய்தது. ஊரே கொண்டாடியது. நானும் அப்போது திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் கைதட்டியவன்தான்.

இப்போது யோசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. காப்புரிமையை ரத்து செய்தால், ‘இது உனக்கு மட்டும் சொந்தமில்லை’ என்றாகிறது. ‘இது இன்னாருக்குச் சொந்தம்’ என்று ஆகாது. வேப்பங்கொட்டை பொறுக்கிய கிழவிக்கு 2005-ல் ஒரு ரூபாய் கூட வரவில்லை. வர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கவும் முடியாது. மியூனிக்கில் ஜெயித்த மறுநாளும் ஆலிஸ் பக்கத்தில் வேர் கிலோக் கணக்கில்தான் விலைபோனது. நிறுவனம் மருந்தை விற்றுக்கொண்டுதான் இருந்தது. அதில் சட்டப்படி தப்பும் இல்லை.

கையெழுத்து

பங்கு கிடைக்க வேண்டுமானால் அதற்கு வேறு கதவு. 1992-ன் உயிரியல் பன்மய உடன்படிக்கையை ஒட்டித் தென்னாப்பிரிக்கா 2004-ல் உயிர்ப்பன்மைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் விதிகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன. உள்ளூர்ச் செடியை வணிக ஆராய்ச்சிக்கு எடுப்பவர் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைக்க, செடியைக் கொடுப்பவரோடும் அதைப் பற்றிய பாரம்பரிய அறிவை வைத்திருப்பவரோடும் பலன்பகிர்வு ஒப்பந்தம் போட வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஒப்பந்தம் என்றால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், சிக்கல் அங்கேதான். யார் உட்காருவது?

நிறுவனமும் அதன் உள்ளூர்க் கூட்டாளியும் ஆலிஸ் பகுதியில் இமின்கங்காதேலோ என்ற பாரம்பரியத் தலைமையைச் சார்ந்த அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டன. அனுமதியும் கிடைத்தது. அதே பகுதியில், காப்புரிமையை எதிர்த்துக் குரல் கொடுத்த மசகானே என்ற சமூகம் இதை ஏற்கவில்லை. தலைவர் எங்களுக்காகப் பேசவில்லை, எங்களைக் கேட்கவில்லை என்றார்கள். மியூனிக்கில் ஜெயித்தவர்கள் ஒருவர், கையெழுத்து மேசையில் உட்கார்ந்தவர் வேறொருவர் என்றாகிவிட்டது.

தலைவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நிறுவனம் வீடுவீடாகப் போய் ஒப்பந்தம் போட முடியாது. ஊருக்கு ஒரு வாய் வேண்டும், பாரம்பரியமாக அந்த வாய் தலைவருடையது. ஆனால் வைத்திய அறிவு தலைமைப் பரம்பரையில் ஓடவில்லையே. கன்றுக்குக் கஷாயம் ஊற்றிய பாட்டி தலைவர் வீட்டுப் பாட்டி இல்லை. அப்புறம் இன்னொன்று: ஸ்டீவன்ஸைத் தேற்றிய வைத்தியர் இருந்தது லெசோத்தோவில். அது தனி நாடு. இந்தச் செடி அங்கேயும் வளர்கிறது, அங்கேயும் தோண்டுகிறார்கள். கதை எங்கே தொடங்கியதோ அந்த மண்ணுக்குத் தென்னாப்பிரிக்கச் சட்டம் செல்லாது.

நம் பக்கத்திலும் இதே முடிச்சு விழுந்திருக்கிறது. 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன தாவர ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்கள், களைப்பே தெரியாமல் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு. பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு அறக்கட்டளை வேண்டும் என்று 1997-ல் பதிவு செய்தார்கள். ஆனால் வேறு பகுதிக் காணி வைத்தியர்கள், தங்களைக் கேட்காமல் ரகசியத்தை விற்றுவிட்டார்கள் என்று கோபப்பட்டார்கள். ஆலிஸுக்குப் பத்து வருடம் முன்னாலேயே அகத்தியமலையில் கேட்டாயிற்று அந்தக் கேள்வியை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு முன்னால் ஹூடியா கள்ளி விவகாரம் நடந்தது. இந்த மண்ணின் ஆதிகுடிகளான சான் மக்கள் வேட்டையில் பசி தெரியாமல் இருக்கத் தின்ற கள்ளி. 1990களில் அரசின் அறிவியல் கழகம் அவர்களைக் கேட்காமலே காப்புரிமை வாங்கியது, 2003-ல் ராயல்டியில் 6 சதவீதம் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அதை விற்பனைப் பொருளாக்க முயன்ற யூனிலீவர் நிறுவனம் 2008-ல் கைவிட்டதும் எதிர்பார்த்த பெரும்பணம் கானல்நீராயிற்று. அதைவிட எனக்குப் பிடித்தது ரூய்போஸ் தேயிலைக்கு 2019-ல் போட்டது. விவசாயியிடம் வாங்கும் விலையில் 1.5 சதவீதம், கோய், சான் மக்களின் இரண்டு பேரவைகளுக்கு. புது மருந்து வருமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. செடி விற்றால் பணம் வரும். தனித்தனிக் கிராமத்தோடு பேசாமல் மொத்த இனத்தோடு பேசியதால் ‘யார் கையெழுத்து’ சண்டையும் கொஞ்சம் குறைவு. இந்தக் கன்றுக்குட்டிப் புதருக்கும், தோண்டிய இடத்திலேயே கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்து, செடி வளரும் எல்லா ஊருக்கும் பொதுவாகப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். லெசோத்தோவை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சாட்ஸ்வர்த்தில்

எங்கள் வட்டாரத்தில் சில்வர்கிளென் என்று ஒரு வனச்சரகம் இருக்கிறது. அதற்குள் 1980களில் டர்பன் மாநகராட்சி ஆரம்பித்த மூலிகை நாற்றுப்பண்ணை. காட்டில் அருகிப்போன மருந்துச் செடிகளை வளர்த்து, வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுத்த இடம். காட்டு இஞ்சி, ஜூலுவில் ‘இந்துங்குலு’, டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாநிலக் காடுகளில் வெட்டி வெட்டியே இல்லாமல் போய்விட்டது. அந்த மாதிரிச் செடிகளை அங்கே தொட்டியில் பார்க்கலாம். சாட்ஸ்வர்த் முழுக்க இந்தியர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போகிறோமே தவிர அங்கே கூட்டிப்போகிற வழக்கம் இல்லை. நானே இந்தக் கட்டுரைக்காகத்தான் போனேன்.

என் வீட்டுச் சொந்தக்கார ஆயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மாரியம்மன் பூசைக்கு அவர் ஒடிப்பது வேப்பிலை இல்லை, ‘சிரிங்கா’ மரத்து இலை. மலைவேம்பு வகை, இங்கே எங்கும் முளைத்துக் கிடக்கும். “எங்க ஆயா கப்பல்ல வந்தப்ப இங்க வேம்பு இல்ல. இது அதும்மாதிரி இருந்துச்சு, அம்மா ஏத்துக்கிட்டா” என்பார். பூசைக்குச் சரி. அதன் காய் விஷம் என்பதால் கஷாயத்துக்கு மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். செடி மாறினாலும், எது பூசைக்கு, எது வாய்க்கு என்ற கணக்கு மாறாமல் நாலு தலைமுறை வந்திருக்கிறது. அதற்கும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட ஆள் கிடையாது.

கட்டுரையை எழுதி முடித்து, சிசிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். அறக்கட்டளை வந்த இடத்தில், “அப்ப உங்க ஊருக்கு ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டேன்.

“எங்க ஊர் அந்தத் தலைவருக்குக் கீழ வராது, டாடா. ஆத்துக்கு இந்தப் பக்கம்.”

“அங்க இந்த வேர் இருக்கா?”

“ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே புல்லுதானே” என்று சொல்லிவிட்டு, கல்லாவை எண்ண உட்கார்ந்தாள்.